படிவத்தை நிரப்பாமல் திருப்பி அனுப்புகிறேன்: கடற்கரைச் சபைகளின் மிஷனரி குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் பிரியமான இராமநாதபுரம் கடற்கரைச் சபைகளின் மிஷனரி குழுத் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் பொருளாளர்களுக்கும், ஸ்தோத்திரம்.

வெளிநாட்டில் ஊழியம் செய்கிற எங்களுக்கெல்லாம் இந்த ஆண்டு ஒரு புதிய படிவம் வந்திருக்கிறது. மாதந்தோறும் நிரப்பி அனுப்ப வேண்டுமாம். சந்தித்த கிராமங்கள் எத்தனை, நடத்திய வேதபாடங்கள் எத்தனை, கலந்துகொண்டவர்கள் எத்தனை பேர், இரட்சிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனை பேர், விக்கிரக ஆராதனையை விட்டவர்கள் எத்தனை பேர். அடியில் தடித்த எழுத்தில், புகைப்படங்கள் இணைக்கப்படாத படிவங்கள் ஏற்கப்படமாட்டா என்று ஒரு வரி. மின்சார வாரியத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறோமா என்று ஒரு கணம் குழம்பிவிட்டேன்.

படிவம் என் கணவர் பெயருக்கு வந்தது. எல்லாக் கடிதங்களும் அவர் பெயருக்கே வருகின்றன. கம்போடியாவின் கம்போட் மாகாணத்தில், உப்பளங்களை ஒட்டிய ஒரு கிராமத்தில், பெண்களுக்கான வேதபாடத்தை நடத்துவது நான். ஆகவே பதிலை நான் எழுதுகிறேன். தற்போது விடுமுறையில் மண்டபத்தில் இருக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. எங்களுக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைக்கும் அம்மாக்களை அறிவேன். அந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கையில் என் தாயாரின் பிடியும் உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை அதன் விலைக்குப் பல மடங்கு கேட்டு எடுப்பவர், மறுநாள் டீசல் கடனுக்கு அலைவதையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று கேளுங்கள், ரசீதோடு காட்டுகிறேன். நான் மறுப்பது மனிதர்களை எண்ணி அனுப்புவதை.

மற்ற ஊர்ச் சபைகளுக்கு இல்லாத ஒரு அனுபவம் நம் கடற்கரைக்கு உண்டு. மிஷனரியை அனுப்புவதற்கு முன் நானூறு ஆண்டுகளுக்கு மேல் மிஷனரிகளை வரவேற்று, பார்த்து, எடைபோட்ட கரை இது. எந்த அந்நியனை நம்பலாம், எவனை நம்பக்கூடாது என்று நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை அனுப்பும் இடத்துக்கு வந்ததும் நாம் ஏன் மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேதாளையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் 1549-ல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு கொல்லப்பட்டார். அந்தச் சபையின் முதல் இரத்தசாட்சி அவர். ஏன் கொல்லப்பட்டார் என்பதை நாம் பிரசங்கத்தில் சொல்வதில்லை. வேதாளையில் இருந்த போர்த்துக்கீசியப் படைத்தலைவன் இராமேஸ்வரத்துக்குப் போகும் யாத்திரிகர்களை வழிமறித்து வரி வாங்கினான். ஆத்திரமடைந்த, வடுகர் எனப்பட்ட தெலுங்குப் படை வந்தது. கிரிமினாலி கப்பல் ஏறித் தப்பியிருக்கலாம். கரையில் இருந்த கிறிஸ்தவப் பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிவிடுவதற்காக நின்றார், ஈட்டிக்கு இரையானார். வரி வாங்கியது ஒருவன், விலை கொடுத்தது வேறொருவர். ஓர் அந்நிய நாட்டில் நம் ஊர்க்காரர்கள் என்ன செய்தாலும் அது அங்கே தங்கியிருக்கும் மிஷனரியின் தலையில்தான் விடியும்.

அவருக்குப் பின் இந்தக் கடற்கரைப் பணிக்குப் பொறுப்பேற்றவர் போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார். அவருக்கு முன்னால் வந்த சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோனது என்று தம் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். உங்கள் படிவத்தை நிரப்ப அவரைவிடத் தகுதியானவர் இல்லை. ஆனால் சவேரியார் இரண்டே ஆண்டுகளில் பெரும்பாலும் நகர்ந்துவிட்டார். தங்கியவர் அண்டிரிக். தமிழைப் படித்தார், இலக்கணம் எழுதினார், முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இங்கே உழைத்த பிறகு 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் ஞானோபதேச நூல் அச்சேறியது. பதினாறே பக்கம். முப்பது ஆண்டுகளுக்குப் பதினாறு பக்கமா என்று எந்தக் குழுவும் அவரைக் கேட்டு எழுதியிருக்காது என்று நம்புகிறேன். தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். ஓரியூரின் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1673-ல் இந்தியா வந்த போர்த்துக்கீசியக் குரு. மறவர் சீமையில் 1686-ல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, இனி இங்கே போதிக்கக்கூடாது என்ற கட்டளையோடு விடப்பட்டு, லிஸ்பனுக்குப் போன பிறகும் இங்கேயே திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அந்தச் செம்மண்ணில் விழுந்தார். இன்று ஓரியூருக்குப் போகிறவர்களில் ஒருவராவது அவர் எத்தனை பேரைச் சேர்த்தார் என்று கேட்டு நான் கண்டதில்லை. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாம் சீர்திருத்தச் சபை என்று யாரும் தொண்டையைக் கனைக்க வேண்டாம். கடற்கரைக்குத் தெரிந்த நல்ல அந்நியன் எப்படி இருந்தான் என்பதைத்தான் சொல்கிறேன்.

நம் சபைக்காரரே வேண்டுமென்றால் அசரியா பேராயர் இருக்கிறார். வெள்ளாளன்விளைக்காரர். 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த அவையில் நின்று, உங்கள் தியாகத்துக்கெல்லாம் நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அன்று நாம் அவர் பக்கம் நின்றோம். கம்போட் கிராமத்துக்கு நான் போய் இறங்கியபோது நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். பையில் பணம், கையில் பாஸ்போர்ட், பின்னால் ஒரு சங்கம். எடின்பரோவில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் நாற்காலியில் இப்போது நாம்.

மொழிக்கு வருகிறேன். கம்போடிய மொழியான கெமரின் எழுத்துக்கு மூதாதை பல்லவர் காலத்து எழுத்து. அதனால் தமிழர்களுக்கு எளிது என்று ஒரு சகோதரர் கூட்டத்தில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவரைக் கம்போட்டுக்கு அன்போடு அழைக்கிறேன். முப்பத்துமூன்று மெய்யெழுத்துகள், ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் கீழே தொங்கும் இன்னொரு வடிவம், மெய்யைப் பொறுத்து ஒலி மாறும் உயிர்க்குறிகள், சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. ஆசிரியைக்குச் சம்பளம் கொடுத்துத் தினமும் காலையில் படிக்க வேண்டும். மாலையில் சந்தையில் நின்று தப்பும் தவறுமாகப் பேச வேண்டும். அந்தக் காலத்தில் உங்கள் படிவத்தில் எழுத எதுவும் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரரிடம் இன்று எவ்வளவு பிடித்தாய் என்று யாராவது கேட்பீர்களா? படகு சும்மா நிற்கிறது என்று நினைப்பவன் கடலை அறியாதவன். வலை பின்னப்படுகிறது, எஞ்சின் பிரிக்கப்படுகிறது, கடலுக்குள் மீன் முட்டையிடுகிறது. புதிதாகப் போகும் மிஷனரிக்கு அப்படி இரண்டு ஆண்டுகளாவது கொடுங்கள்.

இனி அந்த 'இரட்சிக்கப்பட்டவர்கள்' பத்தி. நம் ஊரிலிருந்து குறுகிய கால ஊழியக் குழு ஒன்று எங்கள் பக்கம் வந்தது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சாயங்காலம் ஒரு கூட்டம். இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் பிரசங்கியார். ஊரே கையை உயர்த்தியது. கடல் கடந்து வந்த விருந்தாளி ஒன்று கேட்கும்போது, எல்லார் முன்னிலையிலும் மறுத்து அவர் முகத்தை வாடச் செய்வது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. கைகள் எண்ணப்பட்டன, அறிக்கை போயிற்று. அடுத்த ஆண்டு இன்னொரு குழு வந்தது, அதே கைகள் உயர்ந்தன, மறுபடியும் எண்ணப்பட்டன. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் பிறகு என்னிடம், "உங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள், ஆனால் ஒரே கேள்வியை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்?" என்றார்.

யோவான் 21-ஆம் அதிகாரத்தில் 153 மீன் என்று எண்ணி எழுதவில்லையா என்று செயலர் ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும். எழுதியிருக்கிறது. அவை மீன்கள், கரைக்கு இழுத்த பிறகு எண்ணியவை. ஜனத்தை எண்ணப் புறப்பட்டுத் தண்டனைக்கு உள்ளான தாவீதின் கதை 2 சாமுவேல் 24-ல் இருக்கிறது, அதையும் ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

எங்கள் வேதபாடம் எப்படி நடக்கிறது என்பதைப் படிவம் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மரக்கால்களின்மேல் நிற்கும் வீடு; அதன் அடியில் பாய் விரித்து உட்காருகிறோம். ஒரு பக்கம் தொட்டிலில் குழந்தை, இன்னொரு பக்கம் கோழி. வயதான பெண்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. 1975 முதல் 1979 வரை நடந்த போல் பாட் ஆட்சியில் பள்ளிகள் மூடப்பட்டன. எழுத்துப் படிக்க வேண்டிய வயதில் அவர்கள் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஒரு பகுதியை இளம்பெண் ஒருத்தி இரண்டு முறை சத்தமாக வாசிப்பாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கேட்டதை ஒருவர் தம் சொந்த வார்த்தையில் கதையாகச் சொல்ல வேண்டும். விட்டுப்போனதை மற்றவர்கள் சேர்ப்பார்கள், இல்லாததைச் சேர்த்தால் சண்டைக்கு வருவார்கள். அதன் பிறகுதான் கேள்வி. ஆசிரியராகப் போய் உட்கார்ந்து விளக்கினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். நான் வாயை மூடிக்கொண்டால்தான் அவர்கள் வாய் திறக்கும். வழிநடத்துகிறவரின் வேலையில் முக்கால் பங்கு அதுதான்.

மலைப்பிரசங்கம் வாசித்த மாலையைச் சொல்கிறேன். "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்." நானும் உப்புக் கரையில் பிறந்தவள். வாலிநோக்கம் உப்பளங்களைப் பார்த்தபடி பஸ்ஸில் போய் வந்தவள். இந்த வசனத்துக்குப் பிரசங்கங்கள் கேட்டே காது காய்த்தவள். உப்பு சுவை தரும், கெடாமல் காக்கும், தன்னைக் கரைத்துக்கொள்ளும். மூன்று தலைப்பு, ஒரு ஜெபம். ஆனால் எங்கள் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் அன்று காலையில் உப்பு வாரிவிட்டு வந்தவர்கள். பாத்தியில் பலகையால் இழுத்துக் குவித்து, இரண்டு கூடைகளில் நிரப்பி, தோளில் காவடித் தடியால் சுமந்து கொட்டகைக்குக் கொண்டு போகிற பெண்கள். பாதம் முழுக்க வெடிப்பு.

உப்பு சாரமற்றுப்போனால் என்ற இடம் வந்ததும் ஒரு அமைதி. எப்படிப் போகும் என்று இளம்பெண் கேட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூத்தவர் ஒருவர், "வெள்ளை ஓடு" என்றார். மற்றவர்கள் உடனே ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு விளங்கவில்லை. மறுநாள் அவர் தம் கட்டம் போட்ட துண்டின் முனையில் முடிந்துகொண்டு வந்து காட்டினார். கடல் தண்ணீர் நேராக உப்பாகிவிடுவதில்லை; பாத்தி பாத்தியாக மாறிக் கனத்துக்கொண்டே வரும். உப்பு விளையும் பாத்திக்கு முந்தின பாத்தியில் ஒரு வெள்ளை ஓடு படிகிறது. ஜிப்சம் அது. பார்க்க உப்புதான், மினுமினுக்கும், கையில் நொறுங்கும். நாக்கில் வைத்தால் ஒன்றுமில்லை. எல்லாரும் வரிசையாக ஒரு துணுக்கை எடுத்து நக்கிப் பார்த்தோம், குழந்தை உட்பட. "இதை உடைத்து வரப்பில் கொட்டுவோம். தினமும் இதன் மேல்தான் நடக்கிறோம்" என்றார் அவர். வெளியே கொட்டப்படுவதற்கும் மனுஷரால் மிதிக்கப்படுவதற்கும் என்று வேதம் சொல்வது அந்தப் பெண்ணின் காலடியில் இருந்தது. பிறகு அவரே கேட்டார்: "அப்படியானால் இது கெட்டுப்போன உப்பு இல்லை, உப்பாக ஆகாமலேயே உப்பு மாதிரி இருப்பது. இயேசு யாரைச் சொன்னார்?" அன்று இரவு வெகுநேரம் அதைப் பற்றியே பேச்சு.

அன்றைய கூட்டத்தை உங்கள் படிவத்தில் நிரப்பினால் இப்படி வரும்: வேதபாடம் ஒன்று, இரட்சிக்கப்பட்டவர்கள் இல்லை, புகைப்படம் இல்லை.

விக்கிரக ஆராதனையை விட்டவர்கள் என்ற பத்திதான் எனக்கு அதிகக் கோபமூட்டியது. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் அங்கே பிச்சும் பென் என்று பதினைந்து நாள் பண்டிகை வரும். இறந்துபோன முன்னோர்களுக்கு விடியுமுன் விகாரையைச் சுற்றி அரிசி உருண்டை வீசுவார்கள். ஆடி அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் பிண்டம் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையேறும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அந்தக் கிராமத்தில் பலருக்குத் தங்கள் தகப்பனின் குழி எங்கே என்றே தெரியாது. அந்தப் பதினைந்து நாள்தான் அவர்களுக்குக் கல்லறை. விசுவாசத்துக்கு வந்த மகள், அம்மாவோடு விகாரைக்குப் போகலாமா என்று கேட்கிறாள். மண்டபத்திலிருந்து போன நான் ஒற்றை வார்த்தையில் தீர்ப்புச் சொல்லட்டுமா? பல வாரம், பத்துக் கட்டளைகள் உள்ள யாத்திராகமம் 20-ஐயும், சிலுவையில் தொங்கிக்கொண்டு தாயை நினைத்தவரின் வார்த்தையையும் வாசித்தார்கள். சிலர், அம்மாவுக்குப் பலகாரம் செய்து கொடுத்து, விகாரை வாசல்வரை கூடையைச் சுமந்து போய்விட்டு, உருண்டை மட்டும் வீசுவதில்லை என்று முடிவு செய்தார்கள். ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள். இன்னொருத்தி வீசினாள், அழுதாள், அடுத்த வாரம் வேதபாடத்துக்கு வந்தாள். இவர்களில் யாரை எந்தப் பத்தியில் எழுதுவது?

புகைப்படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. எங்களை அனுப்பிய சங்கத்தின் பத்திரிகையில் ஒரு மூதாட்டியின் படம் வெளியானது. கீழே, 'பிசாசின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்' என்று எழுதியிருந்தார்கள். இப்போது எல்லார் கையிலும் கைப்பேசி. தமிழை ஒரு நொடியில் கெமரில் மாற்றிக் காட்டுகிறது. தலைநகரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவருடைய பேரன் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "என் பாட்டி யாருடைய பிடியில் இருந்தார்?" என்று கேட்டான். போல் பாட் காலத்தைத் தாண்டி ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர் அந்தப் பாட்டி. நான் மன்னிப்புக் கேட்டேன். பத்திரிகைக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் வரவில்லை.

விசாவையும் சொல்லியாக வேண்டும். சுற்றுலா விசாவில் போய்க் கூட்டம் நடத்திவிட்டு வந்துவிடலாம் என்று இளைஞர்களை அனுப்புகிறீர்கள். கம்போடியாவில் அரச மதம் பௌத்தம். மத சுதந்தரம் உண்டு, ஆனால் வீடு வீடாகப் போய் மதம் பரப்புவதற்கு அரசு தடை விதித்திருக்கிறது. நீங்கள் ஐந்தாம் நாள் விமானம் ஏறிவிடுவீர்கள். கிராமத் தலைவர் விசாரிக்க வருவது அங்கே குடியிருக்கும் விசுவாசிகளின் வீட்டுக்கு. வேதாளையில் வரி வாங்கியவனை மறுபடியும் நினைவூட்டுகிறேன்.

நான் கேட்பதெல்லாம் பெரிய காரியமில்லை. புதிதாக அனுப்புகிறவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளின் மொழிப் படிப்புச் செலவைத் தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். அந்தக் காலத்தில் எண்ணிக்கை கேட்காதீர்கள். பிறகும் எண்ணிக்கைக்குப் பதிலாக, ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு நீண்ட கடிதம் கேளுங்கள். யாரிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேளுங்கள். வேதபாடத்தை அந்த ஊர்க்காரர் ஒருவர் நடத்த ஆரம்பித்துவிட்டாரா என்று கேளுங்கள், அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை. எங்கள் கூட்டத்தில் வாசிக்கும் அந்த இளம்பெண் கடந்த மழைக்காலம் முதல் கேள்விகளையும் தானே தயாரிக்கிறாள். நான் வராத வாரங்களில் பேச்சு இன்னும் நன்றாக நடக்கிறதாம். குழுக்களை அனுப்பத்தான் வேண்டுமென்றால், பிரசங்கிமார்களை விட்டுவிட்டு நம் உப்பளத்துப் பெண்கள் நாலு பேரை அனுப்புங்கள். பேச மொழி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாத்தியில் இறங்கினால் போதும். படம் போடுவதானால் படத்தில் இருப்பவரின் சம்மதத்தோடு, அவர் வாசித்தால் வெட்கப்படாத வரிகளோடு போடுங்கள். கடித உறையில் என் பெயரையும் எழுதுங்கள்.

படிவத்தை நிரப்பாமல் இத்துடன் இணைத்திருக்கிறேன். வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் தனி உறையில் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் பொருளாளர் ஐயா தொலைபேசியில் அழைக்கலாம். நவம்பரில் மழை நின்றதும் அங்கே பாத்திகளைச் சீர்செய்யும் வேலை ஆரம்பமாகிவிடும், அதற்குள் நாங்கள் திரும்பிப் போக வேண்டும். இந்தக் கடிதத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் முழுவதுமாக வாசித்து, உங்கள் முடிவை நாங்கள் திரும்பிப் போகுமுன் எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
மண்டபத்திலிருந்து